கடல் ஏறுகிறதா, கரை இறங்குகிறதா?

சென்னை மெரினாவில் பல ஆண்டுகளாகக் காலை நடை போகிறவரிடம் கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் நம்பத் தயங்குவார். சாலையிலிருந்து தண்ணீரைத் தொட மணலில் கால் புதைய அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே, உயர்கிற கடல் இந்த மணலை விட்டுவைக்குமா என்று கேட்பார். சில கிலோமீட்டர் வடக்கே, காசிமேட்டைத் தாண்டித் திருவொற்றியூர்ப் பக்கம் வாழும் மீனவரைக் கேட்டால் அவர் சொல்வது நேர்மாறாக இருக்கும். பாட்டன் வலை உலர்த்திய மணலும் அதற்குப் பின்னால் இருந்த வீடுகளும் கடலுக்குள் போனதை அவர் குடும்பமே பார்த்திருக்கிறது. ஒரே ஊர், ஒரே கடல். இருவருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் இருவருக்கும் நடுவே இருக்கும் துறைமுகம். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. குறுக்கே சுவர் எழுந்ததும் தென்புறத்தில் மணல் தேங்கி மெரினா அகன்றது. வடபுறத்துக்கு வர வேண்டிய மணல் வராததால் அங்கே கரை அரிபட்டது. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டிய பிறகு நகரத்தின் முன்னே இருந்த மணல் மறைந்து கருங்கல் குவியல் வந்ததும் இப்படித்தான்.

கரை முன்னே வருவதும் பின்னே போவதும் பெரும்பாலும் மணலின் கதை. கடல் மட்டம் என்பது தண்ணீரின் உயரம். அந்த உயரம் மாறுகிறதா என்பதைக் கரையில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் நாம் பேசப்போகும் மாற்றம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். சென்னையில் கடல் நாள்தோறும் ஏறி வற்றும்போதே ஏறத்தாழ ஒரு மீட்டர் வேறுபடுகிறது. அதன்மேல் அலை, புயல், பருவக்காற்று. இத்தனை ஆட்டத்துக்கு நடுவே மில்லிமீட்டரை எப்படிப் பிடிப்பது?

அளவுகோல் எங்கே நிற்கிறது?

கடலின் அன்றாட ஏற்ற வற்றத்துக்கு ஓதம் என்று பெயர். அதை அளக்கும் கருவியை ஓதமானி என்று அழைப்போம். பழைய ஓதமானி மிக எளிமையானது. துறைமுகச் சுவரை ஒட்டிக் கிணறு போல ஒரு குழாய் நிறுத்தியிருக்கும். அடியில் சிறு துளை. வெளியே அலை எவ்வளவு அடித்தாலும் அந்தச் சிறு துளை வழியே தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே வந்து போகும். அதனால் குழாய்க்குள் அலையே இருக்காது. உள்ளே ஒரு மிதவை. அது ஏறி இறங்குவதைத் தாளில் ஒரு பேனா கோடாக இழுக்கும்.

மணிக்கு ஒரு முறை அளவைக் குறித்தால் ஆண்டுக்கு 8,760 எண்கள் கிடைக்கும். அவற்றின் சராசரியை எடுத்தால் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பருவக்காற்றின் விளைவும் ஓராண்டுக்குள் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். இப்படி ஆண்டுக்கு ஓர் எண்ணாகப் பல பத்தாண்டுகள் சேர்ந்தால், மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் மெதுவான நகர்வு தெளிந்து வரும். பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பதிவுகள் உள்ளன. சான் பிரான்சிஸ்கோவில் 1854இலிருந்து. மும்பையின் அப்போலோ பந்தரில் 1878இலிருந்து. இந்தியப் பெருங்கடலின் மிக நீண்ட பதிவுகளில் அது ஒன்று.

ஆனால் ஓதமானிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது கரையில் ஊன்றப்பட்டது. தண்ணீர் ஐந்து மில்லிமீட்டர் ஏறினாலும், கரை ஐந்து மில்லிமீட்டர் அமிழ்ந்தாலும் அது காட்டும் எண் ஒன்றே. டோக்கியோவின் கிழக்குப் பகுதிகள் 20ஆம் நூற்றாண்டில் நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தன. நிலத்தடி நீரை வரம்பின்றி இறைத்ததால் அடியிலிருந்த களிமண் இறுகியதே காரணம். இறைப்பதற்குச் சட்டம் கட்டுப்பாடு விதித்த பிறகு அமிழ்வது ஏறத்தாழ நின்றது. ஜகார்த்தாவின் வடபகுதியில் இன்றும் அதுதான் நடக்கிறது. அங்கே கடல் சுவரைத் தாண்டி வருவதற்குக் கடலைவிட நிலமே பெரிய காரணம். இந்த ஊர்களை மட்டும் பார்ப்பவர் கடல் பயங்கரமாக ஏறுகிறது என்பார். வேறொரு நாட்டுக்குப் போனால் கடல் வற்றிக்கொண்டிருக்கிறது என்றே சத்தியம் செய்வார். அந்த நாடு ஸ்வீடன். இந்த அத்தியாயத்தில் நாம் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

கடல்நாய் ஏற முடியாத பாறை

ஸ்வீடனின் கிழக்குக் கரையில், பால்டிக் கடலோர மக்களுக்குப் பல தலைமுறையாகத் தெரிந்த ஒரு செய்தி உண்டு: கடல் விலகிக்கொண்டே போகிறது. தாத்தா படகு கட்டிய துறை பேரன் காலத்தில் புல்வெளி. மீனவர்கள் புதுத்துறை தேடிக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

உப்சாலா பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியர் ஆண்டெர்ஸ் செல்சியஸ் இதை அளந்துவிட முடிவு செய்தார். வெப்பநிலை அளவுக்கு இன்று நாம் சொல்லும் பெயர் இவருடையதுதான். அவர் எடுத்த சான்று அபாரமானது. சீல் எனப்படும் கடல்நாய்கள் தண்ணீருக்குச் சற்றே மேலே தலைகாட்டும் பாறைகளில் ஏறிப் படுக்கும். வேட்டைக்காரர்களுக்கு அந்தப் பாறைகள் சொத்து; விற்பதும் வாங்குவதும் வரி கட்டுவதும் பத்திரங்களில் பதிவாகியிருந்தன. பாறை தண்ணீரைவிட்டு மிக உயர்ந்துவிட்டால் கடல்நாயால் ஏற முடியாது. சொத்தின் மதிப்பு போய்விடும். எந்தப் பாறை எந்தக் காலத்தில் பயன்பட்டது, இப்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒப்பிட்டால் நீர் இறங்கிய வேகம் கிடைத்துவிடும். செல்சியஸ் அப்படியே செய்தார். அதோடு 1731இல் யெவ்லே நகருக்கு அருகிலுள்ள லோவ்குருண்ட் தீவில் ஒரு பாறையின்மேல் அன்றைய நீர்மட்டத்தில் ஒரு கோடு வெட்டச் செய்தார். பின்னால் வருபவர்கள் அதைப் பார்த்து அளக்கட்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது, தண்ணீருக்கு வெகு மேலே.

அவர் கணக்கிட்ட வேகம் உண்மையைவிட அதிகம். அது இருக்கட்டும். ஆனால் முடிவுக்கு அவர் சொன்ன விளக்கம் தவறு: உலகின் தண்ணீர் குறைந்து வருகிறது என்றார். அது உண்மையானால் எல்லாக் கரையிலும் கடல் இறங்க வேண்டும். இறங்கவில்லை. பால்டிக்கின் தென்கரையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. வடக்கே போகப் போக இறக்கம் வேகமாக இருந்தது. ஒரே கடலின் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் இறங்க முடியாதே. அப்படியானால் அசைவது தண்ணீர் அல்ல, தரை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலவியல் அறிஞர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள். தொடக்கத்தில் ஐயப்பட்ட சார்லஸ் லையெல் 1834இல் ஸ்வீடனுக்கு நேரில் போய்ப் பாறைக் கோடுகளைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

தரை ஏன் உயர்கிறது? ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் ஜேமிசன் 1865இல் அதற்கு விடை சொன்னார். பனியூழிக் காலத்தில் வட ஐரோப்பாவின்மேல் இரண்டு மூன்று கிலோமீட்டர் தடிப்புள்ள பனி அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பாரத்தில் பூமியின் மேலோடு கீழே அமிழ்ந்தது; அடியிலிருந்த இளகிய பாறை பக்கவாட்டில் ஒதுங்கியது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாறை தன் இடத்துக்குத் திரும்பி முடியவில்லை. நிலம் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. இதற்கு நிலமீட்சி என்று பெயரிடலாம். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் நிலம் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் எழுகிறது. புதுத் தீவுகள் பிறக்கின்றன. ஸ்வீடனின் உயர்கரைப் பகுதியில் பனி விலகியபோது கடல் நின்ற கோடு இன்று 286 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கிறது.

ஸ்டாக்ஹோம் போட்ட கணக்கு

இப்போது ஒரு விந்தை. கடல் இறங்கிக்கொண்டே இருக்கும் இந்த நாட்டிலிருந்துதான், கடல் ஏறுகிறது என்பதற்கு மிகத் தூய்மையான சான்றுகளில் ஒன்று கிடைத்தது.

ஸ்டாக்ஹோமில் மாலரென் ஏரிக்கும் பால்டிக் கடலுக்கும் நடுவே, படகுகளை ஏற்றி இறக்கும் ஸ்லுசென் என்ற மதகு இருக்கிறது. மதகுக்காரர்கள் இருபுறத்து நீர்மட்டத்தையும் குறித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவு 1774இல் தொடங்குகிறது. பால்டிக்கில் ஓதமே இல்லை எனலாம், சில சென்டிமீட்டர்தான். அதனால் ஒரு சாதாரண அளவுகோலில் பார்த்து எழுதிய எண்களும் பயன்படும். மார்ட்டின் எக்மன் என்ற ஸ்வீடிஷ் புவியளவை அறிஞர் அந்த ஏடுகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி 1988இல் வெளியிட்டார். தொடர்ச்சியாகக் கிடைக்கும் கடல் மட்டப் பதிவுகளில் உலகிலேயே மிக நீண்டது அது.

எண்களைப் பாருங்கள். 1774இலிருந்து 1884 வரை ஸ்டாக்ஹோமில் நீர்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 4.9 மில்லிமீட்டர் இறங்கியது. 1885இலிருந்து 1984 வரை 3.9 மில்லிமீட்டர்தான் இறங்கியது. இரண்டுமே இறக்கம். ஆனால் இரண்டாவது நூற்றாண்டில் இறக்கம் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது.

நிலமீட்சி பத்தாயிரம் ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தணிந்துவரும் நிகழ்வு. அது இருநூறு ஆண்டுக்குள் திடீரென ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடாது. நிலம் எழும் வேகத்தை மாறாத ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்த ஒரு மில்லிமீட்டரை யார் கொண்டுவந்தது? கடல்தான். நிலம் முன்போலவே ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் மேலே போகிறது. கடல் அதைத் துரத்திக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் ஏறத் தொடங்கியிருக்கிறது. அளவுகோலில் தெரிவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் கணக்கில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. நிலம் எவ்வளவு எழுகிறது என்று தனியாக அளக்க வேண்டிய அவசியமே இதில் இல்லை. ஒரே இடம், ஒரே அளவுகோல், இரண்டு நூற்றாண்டுகள். நிலத்தின் அசைவு இரண்டிலும் சமம் என்பதால் கழித்தலில் அது தானே மறைந்துவிடுகிறது. மீதம் நிற்பது கடலின் அசைவு மட்டும். கடல் ஏறவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஊரின் பதிவேடே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலுக்கு என்னவோ நேர்ந்திருக்கிறது என்று சொல்கிறது. அந்த ஏற்றம் அதற்குப் பிறகு இன்னும் விரைவு பெற்றது. நிலமீட்சி ஏறத்தாழ இல்லாத ஸ்வீடனின் தென்கோடியில் இப்போது கடல் வெளிப்படையாகவே ஏறுகிறது.

வானத்திலிருந்து ஓர் அளவுகோல்

நிலத்தின் அசைவைக் கழிக்க இன்னொரு வழி, நிலத்தில் நிற்காமலே அளப்பது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து டோபெக்ஸ்/பொசைடன் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது ரேடார் துடிப்பைக் கடல்மேல் அனுப்பி, பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்தது. பத்து நாளுக்கு ஒரு முறை உலகக் கடலின் பெரும்பகுதியைச் சுற்றி முடிக்கும். ஒற்றை அளவீட்டில் சில சென்டிமீட்டர் பிழை இருக்கலாம். லட்சக்கணக்கான அளவீடுகளின் சராசரியில் அது தேய்ந்துபோகும். ஜேசன் வரிசைக் கோள்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தன. 2020 நவம்பரில் சென்டினல்-6 போனது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய சரள் செயற்கைக்கோள் 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறி இதே வேலையைச் செய்தது.

முப்பது ஆண்டுகளில் இவை கண்ட ஏற்றம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஓதமானிகளையும் சேர்த்துப் பார்த்து, 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்ததாகக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் மதிப்பிட்டது. வேகம் ஒரே சீராக இல்லை. 1901–1971இல் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 1971–2006இல் 1.9, 2006–2018இல் 3.7.

கடல் ஏறுகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஏறுகிறது. ஏன் என்பதுதான் இனி.

சூடேறும் நீர்

செல்சியஸ் காலத்து வெப்பமானிக் குழாயில் பாதரசம் ஏறுவதற்கும் கடல் ஏறுவதற்கும் ஒரு காரணம் பொது: சூடானால் திரவம் விரியும். இதை வெப்ப விரிவு என்போம்.

விரியும் அளவு மிகச் சிறியது. மிதமான சூடுள்ள கடல்நீர் ஒரு டிகிரி சூடேறினால் பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு பெருகும். ஒரு வாளியில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் கடலின் மேல் அடுக்கு 700 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் அரை டிகிரி சூடேறினால்? 700 மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு 7 சென்டிமீட்டர். பக்கவாட்டில் போக இடமில்லாததால் அந்த 7 சென்டிமீட்டரும் மேல்நோக்கியே எழும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புதிதாகச் சேராமல் கடல் உயர்ந்துவிட்டது.

உண்மைக் கடல் இப்படி ஒரே சீராகச் சூடாவதில்லை. குளிர்ந்த நீர் குறைவாகவே விரியும். ஆகையால் ஆழத்துக்கு ஆழம், இடத்துக்கு இடம் வெப்பத்தை அளந்தே ஆக வேண்டும். அதற்காகவே இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆர்கோ மிதவைகள் கடலில் விடப்பட்டன. இன்று ஏறத்தாழ நான்காயிரம் மிதவைகள் உலகக் கடல்களில் அலைகின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் இதில் பங்கெடுக்கிறது. பூமியில் கூடுதலாகத் தங்கிவிட்ட வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள்தான் போயிருக்கிறது என்பதை இந்த அளவீடுகள் காட்டின. காற்றில் நாம் உணரும் சூடு, மீதியின் ஒரு துண்டு.

எந்தப் பனி, எந்தப் பனி அல்ல

வடதுருவக் கடல்மேல் மிதக்கும் பனி உருகுவதால்தான் கடல் ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய தம்ளரில் ஒரு பனிக்கட்டியை மிதக்கவிட்டு உருகும்வரை காத்திருங்கள். தண்ணீர் வழியாது. மிதக்கும் பனி தன் எடைக்குரிய நீரை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டது. உருகியதும் அந்த இடத்தையே நிரப்புகிறது. கடல்நீர் உப்பு என்பதால் மிகச் சிறிய வேறுபாடு உண்டு, இங்கே அதை விட்டுவிடலாம்.

கணக்கில் சேர வேண்டியது நிலத்தின்மேல் கிடக்கும் பனி. கிரீன்லாந்தின் பனிப்பாளம் முழுவதும் உருகினால் உலகக் கடல் 7 மீட்டருக்கு மேல் ஏறும். அண்டார்க்டிகாவில் இருப்பது 58 மீட்டருக்கானது. இமயம், ஆல்ப்ஸ், ஆண்டீஸ், அலாஸ்கா என்று உலக மலைகளின் பனியாறுகள் எல்லாம் சேர்ந்தும் அரை மீட்டருக்குக் குறைவு. ஆனால் அவை சிறியவை, வெப்பமான இடங்களில் இருப்பவை. ஆகவே விரைவாகக் கரைகின்றன.

பனியை எடைபோடத் தராசு எங்கே கிடைக்கும்? 2002இல் அனுப்பிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் அந்த வேலையைச் செய்தன. ஒன்றின் பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கும். கீழே பெரும் பாரம் வரும்போது முன்னே போவது முதலில் இழுக்கப்படும். இடைவெளி இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தை மயிரிழையைவிட நுட்பமாக அளந்து, கீழே எங்கே எவ்வளவு எடை கூடியது, குறைந்தது என்று சொல்லிவிடலாம். கடலின் பரப்பு 36 கோடி சதுர கிலோமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் உயர்த்த ஏறத்தாழ 36,000 கோடி டன் தண்ணீர் வேண்டும். 2006–2018 காலத்தில் கிரீன்லாந்து மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 23,000 கோடி டன் இழந்தது.

கிணற்றிலிருந்து கடலுக்கு

கிரேஸ் பனியை மட்டும் காட்டவில்லை. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் அடியில் 2002க்கும் 2008க்கும் இடையே 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததையும் அது கண்டது. உலகில் நிலத்தடி நீரை மிக அதிகமாக இறைக்கும் நாடு இந்தியா. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து இறைப்பதைவிட அதிகம். போர்வெல்லில் இறைத்த நீர் பயிருக்குப் பாய்ந்து, ஆவியாகி, மழையாகி, ஆற்றோடு போய்க் கடைசியில் பெரும்பகுதி கடலைச் சேர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணுக்கடியில் இருந்த தண்ணீர் அது.

அணைகள் எதிர்த்திசையில் வேலை செய்தன. 20ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் கட்டிய நீர்த்தேக்கங்கள் கடலுக்குப் போகாமல் தடுத்து வைத்த நீர், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஏற்றத்துக்குச் சமம். அணை கட்டும் வேகம் உச்சத்தில் இருந்த பத்தாண்டுகளில் கடல் ஏற்றம் சற்று மந்தமாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது 2006–2018க்கான வரவுகளைக் கூட்டலாம். வெப்ப விரிவு 1.39 மில்லிமீட்டர். மலைப் பனியாறுகள், கிரீன்லாந்து, அண்டார்க்டிகா மூன்றும் சேர்ந்து 1.62. நிலத்து நீர் 0.60. மொத்தம் 3.61. கடல் மட்டத்தை நேராக அளந்தவர்கள் கண்டது 3.69. மிதவைகள் தனி, எடைபோட்ட கோள்கள் தனி, ரேடார் தனி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கருவிகள் இவ்வளவு நெருங்கி ஒத்துப்போவதைப் பார்த்த பிறகு, ஏற்றம் வெறும் அளவீட்டுக் குழப்பம் என்று சொல்ல இடமில்லை.

முன்பும் ஏறியதே?

நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அன்று தரை. தமிழகத்திலிருந்து ஈழத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. அன்று ஆலையும் இல்லை, மோட்டார் வண்டியும் இல்லை. இன்றைய ஏற்றமும் அதுபோல் இயற்கையின் போக்காக ஏன் இருக்கக் கூடாது?

அன்றைய உருகலைத் தொடங்கிவைத்தது, பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் அச்சின் சாய்விலும் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழும் மெதுவான மாற்றம். அந்த ஏற்றம் ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் அடங்கிவிட்டது. அதற்குப் பிந்தைய அமைதியில்தான் மனிதர்கள் கரையோர நகரங்களைக் கட்டினார்கள். இப்போது பூமியின் பாதை வெப்பத்தை நோக்கித் தள்ளவில்லை. சூரிய ஒளியின் வலிமையைச் செயற்கைக்கோள்கள் 1978இலிருந்து அளக்கின்றன, அது கூடவில்லை. கூடியிருப்பது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடந்த மூவாயிரம் ஆண்டுகளில் எந்த நூற்றாண்டும் 20ஆம் நூற்றாண்டின் வேகத்தில் கடலை ஏற்றியதில்லை.

இயற்கை ஆட்டங்கள் நின்றுவிட்டன என்று பொருளல்ல. 2010–2011இல் வலுவான லா நினா வந்தபோது ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் பெருமழை கொட்டியது. அவ்வளவு நீர் நிலத்தில் தேங்கியதால் உலகக் கடல் மட்டமே ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் தாழ்ந்தது. கடல் ஏற்றம் நின்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். வெள்ளம் வடிந்தது, கடல் விட்ட இடத்தைப் பிடித்து மேலே போனது.

தண்ணீரை இழுக்கும் பனி

உருகிய நீர் எல்லாக் கரைக்கும் சமமாகப் பங்கு போகும் என்று நினைப்பது இயல்பு. அப்படிப் போவதில்லை.

பொருள் எதுவாயினும் ஈர்ப்பு உண்டு. பூமிக்குள் பாறையின் நிறை எங்கும் ஒன்றாக இல்லாததால் கடலின் மேற்பரப்பே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகின் மிக ஆழமான கடற்பரப்புப் பள்ளம் நமக்குப் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே உள்ளது. ஒழுங்கான பூமி வடிவத்தோடு ஒப்பிட்டால் அங்கே கடல் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் ஈர்ப்பின் திசைக்கு அந்தப் பரப்புதான் சமதளம்.

கிரீன்லாந்தின் பெரும்பனியும் தன்னைச் சுற்றிய கடலை இப்படித்தான் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பு குறையும். பிடித்து வைத்திருந்த தண்ணீர் விலகிப் போகும். அதோடு பாரம் குறைந்த நிலமும் எழும். ஆகவே கிரீன்லாந்து உருகினால் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவுக்குள் கடல் தாழும். உருகிய நீரும் விலகிய நீரும் தொலைவிலுள்ள கரைகளுக்குப் போய்ச் சேரும். நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கரைகளில் ஏற்றம் உலகச் சராசரியைவிடக் கூடுதலாகும்.

2100இல் கடல் எவ்வளவு ஏறியிருக்கும்? புகையைக் கடுமையாகக் குறைத்தால் ஏறத்தாழ 28இலிருந்து 55 சென்டிமீட்டர், குறைக்காமலே போனால் 63இலிருந்து 101 சென்டிமீட்டர் என்பது பன்னாட்டுக் குழுவின் மதிப்பீடு. இவ்வளவு அகன்ற இடைவெளிக்கு நம் நடத்தை ஒரு காரணம். மேற்கு அண்டார்க்டிகா இன்னொன்று. அங்கே பனிப்பாளம் அமர்ந்திருக்கும் பாறைத்தளம் கடல் மட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது. உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகிறது. இளஞ்சூடான கடல்நீர் அடியில் புகுந்து பனியின் பிடியை அரிக்கிறது. விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க, தண்ணீரை எதிர்கொள்ளும் பனிச்சுவர் தடிக்கும், இழப்பு விரையும். த்வைட்ஸ் என்ற ஒரே பனியாறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் அகலம். அதில் மட்டும் 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஏற்றத்துக்கான பனி இருக்கிறது. அது கரைந்தால் அண்டார்க்டிகாவின் கரையில் கடல் தாழும். அங்கிருந்து விலகும் நீர் பூமியின் நடுவரையைக் கடந்து வடக்கே வரும். சென்னை, கொழும்பு, டாக்கா ஆகிய ஊர்கள் அந்த வழியில் இருக்கின்றன.